டீக்குப் பிறகு வந்த மோட்டார்கள்

எனக்குக் கண் போன மறு வாரமே காது கூர்மையாகிவிட்டதென்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் சினிமா பார்த்து வந்த ஞானம். சினிமாவில் கண் தெரியாதவன் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. ஒன்று புல்லாங்குழல் வாசிப்பான், இல்லாவிட்டால் காலடிச் சத்தத்தை வைத்துக் கொலைகாரனைப் பிடித்துக்கொடுப்பான். பாத்ரூம் என்று நினைத்துத் துணி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற கண் தெரியாதவனை எந்தப் படத்திலும் காட்டுவதில்லை. நான் அந்த ரகம்.

உண்மையைச் சொன்னால் என் காது கண்ணை முந்திக்கொண்டு போகத் தொடங்கியிருந்தது. நான் பஸ் ஓட்டினவன். எஞ்சினை டிரைவருக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கும் பழைய வண்டிகள். இடது காதில் பாதியை அந்த எஞ்சின் தின்றது. மற்றதைச் சர்க்கரை பார்த்துக்கொண்டது. முதலில் ஒரு கால்விரல், அப்புறம் ஒரு கண், அப்புறம் அதற்குத் துணையாக இன்னொன்று.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என் முன்னால் வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்!" என்று கடைசியில் தாங்க முடியாமல் கேட்பார்கள். குரலைக் கேட்டபின் சொல்வதில் என்ன சாமர்த்தியம்? ஆனாலும் ஆச்சரியப்படுவார்கள். மனைவி வழி அத்தை ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போய், என் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்து, "தடவிப் பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றாள். அவளுக்கு அது கன்னம் என்று நினைப்பு. என் விரல் மூக்குக்குள் போய்விட்டது. அவள் தும்மினாள். அந்தத் தும்மலை எந்தச் செவிடனும் அடையாளம் சொல்வான். பேரைச் சொன்னேன். வீடே கைதட்டியது.

நான் மறுக்கவில்லை. கைதட்டல் யாருக்குக் கசக்கும்? அதோடு இன்னொன்றும் இருந்தது. அதுவரை என் மகள் என் நாற்காலியைத் தாண்டிப் போகும்போது, துவைக்கப் போட்ட துணிமூட்டையைத் தாண்டுவதுபோலத் தாண்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தும்மலுக்குப் பிறகு பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். "எங்கப்பா காதுக்கு எதுவும் தப்பாதுடி" என்று சிநேகிதியிடம் போனில் சொன்னாள். வலது பக்கம் உட்கார்ந்து சொன்னதால் கேட்டது.

பிறகு அந்தப் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் இருந்தோம். அதில் கண் தெரியாத கதாநாயகன், தண்டவாளத்தில் காதை வைத்துக்கொண்டு, தூரத்தில் வருகிற ரயிலில் எந்தப் பெட்டியில் வெடிகுண்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டான். மச்சினன் மின்விசிறி செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். மோட்டார் சுற்றி, பூட்டி, ஓட்டிப் பார்த்து அனுப்புவது அங்கே வேலை.

"மாமா, அவன் ரயிலையே கேக்கறான். நீங்க ஒரு ஃபேன் மோட்டாரைக் கேக்க மாட்டீங்களா?"

"டேய், இவரு இடது பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டாருடா" என்றாள் என் மனைவி.

"அது நீ கூப்பிடறதாலக்கா. யாரா இருந்தாலும் திரும்ப மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

பட்டறையின் கடைசி மேஜை என்னுடையது. பூட்டி முடித்த மோட்டாரைத் தாங்கியில் மாட்டி என் முன்னால் வைப்பார்கள். நான் சுவிட்சைப் போட்டு, உள்ளங்கையை மேலே வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்க வேண்டும். சரியென்றால் கட்டைவிரல். பழுதென்றால் கையை உயர்த்த வேண்டும். முதல் நாள் வந்த மோட்டார் அத்தனைக்கும் கட்டைவிரலைக் காட்டினேன். எல்லாம் எனக்கு ஒரே 'ம்ம்ம்' தான். சாயங்காலம் மச்சினன் வந்தான். குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"என்ன மாமா, ஒண்ணுகூடவா பழுதில்ல?"

"உன் பட்டறை அவ்வளவு சுத்தம்பா" என்றேன்.

"அதுக்கு ஒரு ஆளு எதுக்கு மாமா?" என்றான், விளையாட்டாக. விளையாட்டு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஒரு மோட்டாருக்குக் கையை உயர்த்தினேன். ஏன் அந்த மோட்டாருக்கு என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்காரனுக்கு அடிக்கடி முட்டிக்கொண்டு வரும். பட்டறைக் கழிவறையோ கொல்லைப்பக்கம், இரண்டு வரிசை இயந்திரங்களுக்கு நடுவே போக வேண்டும். தனியாகப் போனால் கையோ காலோ திரும்பி வராது. யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் நாளே சூப்பர்வைசர், "இப்பத்தானே போனீங்க சார்" என்று பெருமூச்சு விட்டார். ஆனால் மோட்டார் பழுது என்றால் கதை வேறு. பழுதைத் திறந்து பார்க்க மெக்கானிக் வந்து எடுத்துப் போவார். அவர் அறைக்குப் பக்கத்துக் கதவுதான் கழிவறை. "நானும் வரேன், என்ன கோளாறுன்னு தெரிஞ்சிக்கணும்" என்று அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக நடக்கலாம். வழியில் சாதாரணமாக நினைவு வந்ததுபோல, "இதுக்கு இடையில ஒரு நிமிஷம்" என்று ஒதுங்கலாம்.

ஒதுங்கிவிட்டு வந்தபோது மெக்கானிக் மோட்டாரைத் திறந்து வைத்திருந்தார். "அடேங்கப்பா!" என்றார். "காயில்ல ஒரு இடத்துல வார்னிஷ் சரியாப் பிடிக்கல சார். இது எப்படி உங்க காதுக்கு..."

எந்த மோட்டாரைத் திறந்தாலும் ஏதாவது ஒன்று இருக்கும் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. பழுது இருக்கிறது என்று சொல்லிக் கையில் கொடுத்தால், தேடுகிறவன் வெறுங்கையோடு எழுந்திருப்பானா? மனிதர்களைத் திறந்தாலும் அப்படித்தான். அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு 'ரேடார்' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் மகள், "மாமா போன் பண்ணிச் சொன்னாருப்பா!" என்று கையைப் பிடித்து உலுக்கினாள். நான் ரேடாராகவே சாப்பிட்டுப் படுத்தேன்.

இப்படியே மாதங்கள் ஓடின. தினமும் காலையில் ஒரு தடவை, டீக்குப் பிறகு ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை கை உயர்ந்தது. டீ குடித்தால் எனக்குத் தாங்காது. என் மூத்திரப்பைதான் அந்தப் பட்டறையின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. அதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன் நான்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் யாரோ என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்கள். வழக்கம்போல 'நான் யாருன்னு சொல்லுங்க' வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. யாரு?"

"நாலாம் மேஜைண்ணே. காயில் சுத்தறவ."

அவளைப் பற்றி மெக்கானிக் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பட்டறையில் எல்லோருக்கும் மூத்த கை. மற்றவர்கள் கம்பியை இழுத்துச் சுற்றுவார்கள், அவள் தடவிக்கொடுத்துச் சுற்றுவாள் என்பார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"எனக்குக் கோபம் வந்தா எதுத்தாப்புல யார் இருக்காங்கன்னே தெரியாதும்மா. தைரியமாக் கேளு."

அவள் சிரிக்கவில்லை. "என் மோட்டார்ல எந்த இடத்துல சத்தம் வருதுண்ணே? மேலயா, அடியிலயா? ஓட ஆரம்பிக்கும்போதா, ஓடி முடியும்போதா? அதை மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் திருத்திக்குவேன். நானும் வீட்டுல ஒரு மோட்டாரைக் காதுல வச்சுக் கேட்டுக்கேட்டுப் பாக்கறேன். எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

"உன் மோட்டாரா? நான் யாரோடதுன்னு பாத்து... கேட்டு எடுக்கறதில்லையேம்மா."

"தெரியும்ணே. உங்க காதுக்கு ஆளு பாக்கத் தெரியாது. அதான் எனக்குப் பயமாயிருக்கு. மேஜை வாரியாத்தானே மோட்டார் தட்டு உங்ககிட்ட வருது. டீக்கு அப்புறம் வர்ற தட்டு எப்பவும் என்னோடது. அதுல தெனம் ஒண்ணு நிக்குது, ரெண்டு நிக்குது. இனி ஒண்ணு நின்னா வீட்டோட இருந்துக்கச் சொல்லிட்டாரு முதலாளி."

நான் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தேன்.

"முன்னெல்லாம் கை தானா ஓடும்ணே. இப்ப நம்ப முடியல. சுத்தினதைப் பிரிச்சுப் பிரிச்சுச் சுத்தறேன். பிரிக்கறப்ப கம்பி மடங்குது. என்னைக்கு இருந்து என் கை கெட்டுப்போச்சுன்னு எனக்கே தெரியல."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம் கேட்டது. "பாக்கலாம்மா, கவலைப்படாதே" என்று மட்டும் சொன்னேன். பாக்கலாம்! யார், நான்!

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடிக்கிற சத்தம் நின்றது.

"தம்பிகிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொல்லாம?"

"சொல்லிட்டு? அந்த நாற்காலியில வந்து உக்காந்துடுவீங்களா? மறுபடி?"

 பழைய நாட்களில் அந்த நாற்காலியில் இருந்தபடி நான் அவளை எப்படியெல்லாம் கடித்துக் குதறினேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மறுபடி துணியை மடிக்க ஆரம்பித்தபடி அவளே, "சொல்லத்தான் வேணும்" என்றாள். "ஆனா அதுக்கு முன்னாடி வேற வழி இருக்கான்னு பாருங்க."

வேற வழி ஒன்று கண்டுபிடித்தேன். கோழையின் வழி. டீ குடிப்பதை நிறுத்தினேன். தண்ணீரையும் நிறுத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, டீக்குப் பிறகு வந்த தட்டு முழுவதற்கும் கட்டைவிரலைக் காட்டினேன். தொடர்ந்து சில நாள் அப்படி ஓடியது. ஒருநாள் தாங்கவே முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் ஆகிவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டு, "அடச்சே, கண் தெரியல பாருங்க" என்றேன். எல்லோரும் நம்பினார்கள். என்னைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புகிற காலம் அது.

அந்த வாரக் கடைசியில் மச்சினன் ஒரு பெரிய வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். வெளியூர் கடைகளுக்கெல்லாம் மொத்தமாக எடுக்கிறவர். மெஷினை வைத்துச் சோதிப்பதில்லை, எங்களிடம் ரேடார் இருக்கிறார் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான்.

"இவருதான் சார். கடவுள் ஒண்ணை எடுத்தா ஒண்ணைக் கொடுப்பார்னு சொல்வாங்கல்ல."

"படத்துல பாத்திருக்கேன்" என்றார் வியாபாரி. "நேர்ல இப்பத்தான்."

டீ நேரம் முடிந்திருந்தது. தட்டு வந்தது. ஒவ்வொன்றாக மாட்டினார்கள். 'ம்ம்ம்'. கட்டைவிரல். 'ம்ம்ம்'. கட்டைவிரல். சுற்றி நின்றவர்களின் மௌனம் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. தட்டு முடிந்தது. எல்லாம் சரி என்றேன். நாலாம் மேஜை பிழைத்தது என்று உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது.

 வியாபாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, போன் வந்ததாகச் சொல்லி வெளியே போனார். மச்சினன் என் வலது காதருகே குனிந்தான்.

"மாமா, அதுல ஒண்ணுல நானே பேரிங்கைக் கெடுத்து வச்சிருந்தேன். நீங்க பிடிச்சுக் காட்டணும்னு. வாசல்ல நிக்கறவனுக்கே கரகரன்னு கேட்டுது."

 ஒரு பக்கம் அவமானம். இன்னொரு பக்கம், அப்பாடா, சாயம் வெளுத்துவிட்டது, இனி நானாகச் சொல்ல வேண்டிய சங்கடம்கூட இல்லை என்று ஒரு நிம்மதி.

"பாத்தியா, அதான்பா விஷயம். எனக்கு..."

"எனக்குத் தெரியும் மாமா." அவன் குரல் குழைந்தது. "அவ உங்ககிட்ட வந்து அழுதிருக்கா. சாப்பாட்டு நேரத்துல பேசிட்டு நின்னான்னு சூப்பர்வைசர் சொன்னாரு. அன்னையிலிருந்து நீங்க அவ தட்டுல ஒண்ணுகூட நிறுத்தல. உங்க மனசு அப்படி. தெரிஞ்சே விட்டுட்டீங்க."

"தெரிஞ்சே விடல. எனக்குக் கேக்கவே இல்ல."

"சரி மாமா."

"சரியில்லடா! எனக்கு இடது காது அவுட். வலது பாதி. இத்தனை மாசமா நான் ஒரு மோட்டாரையும் கேக்கல. ஒண்ணுக்கு வந்தாக் கையைத் தூக்குவேன். டீ குடிச்சா வரும். டீக்கு அப்புறம் அவ தட்டு வரும். அவ்வளவுதான் விஷயம். அவ கையில ஒரு தப்பும் இல்ல. தப்பு என் மூத்திரப்பையில."

 அவன் சிரிக்கத் தொடங்கினான். சூப்பர்வைசரும் சிரித்தார். மெக்கானிக்குக்குப் புரையேறியது.

"மாமாவை அடிச்சுக்க முடியாது" என்றான் மச்சினன், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒரு பொம்பளை வேலை போகக்கூடாதுன்னு தன்னையே எவ்வளவு கேவலமாச் சொல்லிக்கறாரு பாருங்க!"

"சார் மனசு யாருக்கு வரும்?" என்றார் சூப்பர்வைசர்.

வாழ்நாள் முழுக்கக் கோமாளித்தனம் பண்ணினவன் ஒருநாள் உண்மையைச் சொன்னால் அது நல்ல ஜோக்காகத்தான் அமையும். அதோடு கண்ணும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். படத்தில் கண் தெரியாதவன் கெட்டவனாக இருந்ததுண்டா? பொய் சொன்னதுண்டா? சம்பளத்துக்காக நடித்ததுண்டா? தியாகம்தான் செய்வான். நான் எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவு தியாகி ஆகிக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்து, "நீயாவது சொல்லுய்யா, ஒவ்வொரு தடவையும் உன்கூட வந்து எங்கே போனேன்?" என்று கேட்டேன்.

"என் அறைக்கு சார். பழுது என்னன்னு பாக்க" என்றார் அவர், மரியாதையாக.

மச்சினன் என் தோளைத் தட்டினான். "கவலைப்படாதீங்க மாமா. இனிமே யாரும் உங்ககிட்ட வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க. அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்."

அந்த ஏற்பாடு என்னவென்று சாயங்காலம் தெரிந்தது. வேலை முடிந்து இயந்திரங்கள் நின்றிருந்தன. மனைவி வந்து கூட்டிப் போவதற்காகக் காத்திருந்தேன்.

"அண்ணே, போயிட்டு வரேன்."

குரலிலேயே தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"நிப்பாட்டிட்டானா?"

"ஆமாண்ணே. உங்களைக் கெடுக்கப் பாத்தேனாம்." அவள் குரல் உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. "நான் அப்படி நெனைச்சு வரலண்ணே. திருத்திக்கலாம்னுதான் வந்தேன்."

"அம்மா, இங்க பாரு. என் பேச்சை நீயாவது நம்பு. எனக்குக் காது கேக்காது. நான் எடுத்ததெல்லாம் குருட்டாம்போக்குல எடுத்தது. உன் மோட்டார் எதுலயும் ஒண்ணுமில்ல."

"முதலாளிகிட்ட எனக்காக என்னென்னமோ சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன். போதும்ணே. எனக்காக உங்களைத் தாழ்த்திக்காதீங்க."

"தாழ்த்திக்கலம்மா, சத்தியமா..."

"மெக்கானிக் திறந்து பாத்தப்பல்லாம் ஏதோ ஒண்ணு இருந்துச்சேண்ணே. உங்க காது பொய் சொல்லும்னு வச்சுக்கிட்டாலும், அவர் கண்ணும் பொய் சொல்லுமா? ரோட்டு முனையில இன்னொரு பட்டறையில கூப்பிட்டாங்க. வரலன்னுட்டேன். கெட்ட கையை வச்சுக்கிட்டு இன்னொருத்தர் பொருளை எதுக்கு வீணாக்கணும்?"

அதைக் கேட்டதும் எனக்குள் எதுவோ திறந்துகொண்டது. எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் எஞ்சினிலிருந்து ஆரம்பித்தேன். அத்தையின் தும்மல், முதல் நாள் மச்சினன் குரல் இறங்கியது, கழிவறைக் கதவு மெக்கானிக் அறைக்குப் பக்கத்தில் இருப்பது, என் மகள் பக்கத்தில் வந்து உட்காருவது எல்லாம் சொன்னேன். மெக்கானிக் உன் கையைப் பற்றிச் சொன்னதைக் கேள், நீ தடவிக்கொடுத்துச் சுற்றுவாயாம் என்றேன். நாளைக்கே அந்தப் பட்டறைக்குப் போ, முதல் காயிலைப் பிரிக்காமல் சுற்று, கை தானாக ஓடும் என்றேன். மன்னித்துவிடு என்று சொல்லாமல் சுற்றிச்சுற்றி வந்தேன். கடைசியில் அதையும் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். கண் போனாலும் அந்த வேலையை அது விடவில்லை.

அவள் பதில் சொல்லவில்லை. யோசிக்கிறாள், மனது இளகுகிறது என்று நினைத்தேன். "ஏதாவது சொல்லும்மா" என்றேன்.

பின்னால் துடைப்பம் தரையில் உரசியது. கூட்டுகிறவர்.

"யார்கிட்ட சார் பேசிட்டிருக்கீங்க?"

"இந்தம்மாகிட்டதான். நாலாம் மேஜை."

"அது போயி எவ்வளவோ நேரமாச்சே. நீங்க பஸ் ஓட்டின கதையை ஆரம்பிச்சப்பவே கண்ணைத் துடைச்சுக்கிட்டே போயிடுச்சு."

நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குத் தெரியலப்பா" என்றேன். "அவ போனது எனக்குக் கேக்கல. நீயே பாத்தே இல்ல? எனக்குக் கேக்கல. போய் உன் முதலாளிகிட்ட சொல்லு."

அவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பாசமான சிரிப்பு.

"உங்களுக்கா கேக்கல? போங்க சார். அது அழறதைக் கேக்க மனசு வராம, தெரியாத மாதிரி நீங்க பாட்டுக்குப் பேசிட்டே இருந்தீங்க. எங்களுக்குப் புரியாதா?"

அவர் மறுபடி கூட்டத் தொடங்கினார். என் காலருகே வந்ததும், நான் நகர்ந்துகொள்வேன் என்று காத்து நின்றார்.